ழான் மொரோவை எங்கே தொடங்கி எப்படிப் பார்ப்பது?

பிரெஞ்சு சினிமாப் பக்கம் புதிதாக வருகிறவர்கள் நடிகை ழான் மொரோவின் பெயரைச் சீக்கிரமே கேட்டுவிடுவார்கள். ஒருவர் 'ஜூல்ஸ் அண்ட் ஜிம்' பார் என்பார். இன்னொருவர் நேராக இத்தாலிய இயக்குநர் அன்தோனியோனியிடம் அனுப்பிவைப்பார். இரண்டையும் பார்த்துவிட்டு, "நன்றாகத்தான் நடித்திருக்கிறார், ஆனால் இவ்வளவு கொண்டாட என்ன இருக்கிறது?" என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் ரசனையில் குறை இல்லை, பார்த்த வரிசைதான் சரியில்லை.

மொரோ 1928 ஜனவரி 23 அன்று பாரிஸில் பிறந்து, 2017 ஜூலை 31 அன்று அதே பாரிஸில் இறந்தவர். 1947-இல் மேடையேறினார். எண்பது வயதைத் தாண்டியும் நடித்துக்கொண்டிருந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், அதோடு நாடகங்கள், பாடல்கள், அவரே இயக்கிய படங்கள். எல்லாவற்றையும் தேதி வரிசையில் பார்க்கக் கிளம்பினால் ஐம்பதுகளின் சுமாரான படங்களிலேயே களைத்துவிடுவீர்கள். கீழே நான் சொல்லும் வரிசை தேதிப்படி போகாது. ஒன்றைப் பார்த்தால் அடுத்தது தெளிவாகும் என்ற கணக்கில் அமைத்திருக்கிறேன். பெரும்பாலும் இணையத்தில் தேடக்கூடிய ஆங்கிலப் பெயர்களையே படங்களுக்குப் பயன்படுத்தியிருக்கிறேன்.

முதல் படி: படம் போடுவதற்கு முன் மேடையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியை யாரும் தாண்டிப் போகாதீர்கள். மொரோ முதலில் மேடை நடிகை. சினிமா அவரைக் 'கண்டுபிடித்தது' என்று பல இடங்களில் படிப்பீர்கள். அப்படிக் கண்டுபிடித்தபோது அவருக்கு வயது 29. கையில் பத்து வருட மேடை அனுபவமும், இருபதுக்கு நெருக்கமான படங்களும் இருந்தன. ஐம்பதுகளின் கடைசியில் பிரெஞ்சு சினிமாவை மாற்றிய இளைய 'புதிய அலை' இயக்குநர்கள் ஒரு புதுமுகத்தைச் செதுக்கி எடுக்கவில்லை. முழுதாகத் தேர்ந்த ஒரு நடிகை அவர்களுக்குக் கிடைத்தார்.

அப்பா பாரிஸில் உணவகம் நடத்தியவர். அம்மா ஆங்கிலேயர், லங்காஷயரின் ஓல்டம் ஊரிலிருந்து வந்து பாரிஸின் ஃபோலி பெர்ஜேர் கேளிக்கை அரங்கில் ஆடிய நடனக் கலைஞர். மொரோ ஆங்கிலத்தைத் தயங்காமல் பேசி நடித்ததற்கு இந்த அம்மாதான் காரணம். போர்க்காலத்தில், 1944-இல், அனூய் எழுதிய 'ஆன்டிகனி' நாடகத்தைப் பார்த்த பிறகு நடிப்புதான் தன் வழி என்று முடிவெடுத்தார். அப்பாவுக்கு இது அறவே பிடிக்கவில்லை. ஆனாலும் பாரிஸ் கன்சர்வத்வார் நாடகப் பள்ளியில் சேர்ந்து பயின்றார்.

1947-இல் இரண்டு விஷயங்கள் நடந்தன. நாடக இயக்குநர் ழான் விலார் தெற்கே அவிஞ்ஞோன் நகரில் தொடங்கிய கலை வாரத்தின் முதல் ஆண்டிலேயே மொரோ சிறு வேடத்தில் மேடையேறினார். இன்றைக்கு உலகெங்கும் பேர்பெற்ற அவிஞ்ஞோன் விழா அதுதான். அதே ஆண்டில் கொமெதி பிரான்சேஸில் சேர்ந்தார். 1680-இல் நிறுவப்பட்ட அரசு நாடகக் குழு அது, பழைய பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேரின் பெயரால் 'மோலியேரின் வீடு' என்று அழைப்பார்கள். மாதச் சம்பளம், பெரிய பெயர் எல்லாம் உண்டு. மொரோ சில ஆண்டுகளில் அதை விட்டுவிட்டு விலாரின் மக்கள் நாடகக் குழுவுக்குப் போனார். 1951-இல் அவிஞ்ஞோனில் போப் அரண்மனையின் திறந்த முற்றத்தில் கொர்னேயின் 'லெ சித்' நாடகத்தில் இளவரசியாகவும், க்ளைஸ்ட் எழுதிய 'ஹோம்பர்க் இளவரசன்' நாடகத்தில் நத்தாலியாகவும் நடித்தார். இரண்டிலும் நாயகன் ஜெரார் ஃபிலிப், அன்றைய பிரான்ஸின் கண்ணின் மணி.

அடுத்து 1956. 'கேட் ஆன் எ ஹாட் டின் ரூஃப்' என்ற அமெரிக்க நாடகத்தை ஆங்கிலேய இயக்குநர் பீட்டர் புரூக் பாரிஸில் மேடையேற்றினார். நாயகி மேகி பாத்திரம் மொரோவுக்கு. அவரை அந்த மேடையில் பார்த்த இளைஞர்தான் பின்னாளில் இயக்குநரான லூயி மால்.

இந்த நாடகங்களை இனி நாம் பார்க்க வழியில்லை. புகைப்படங்கள் இருக்கின்றன. விலாரின் அவிஞ்ஞோன் மேடைகளைப் படமெடுத்தவர் பின்னாளில் பெரிய இயக்குநரான ஆக்னெஸ் வர்தா. அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்த திறந்தவெளி, அலங்காரம் ஏதுமில்லாத வெற்று மேடை. அங்கே நிற்கத் தெரிந்தவர்களுக்கு உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்பது ரத்தத்தில் ஊறிவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்கு வாருங்கள்.

இரண்டாம் படி: இரண்டு முகங்களை ஒப்பிடுங்கள்

1954-இல் ழாக் பெக்கர் எடுத்த 'துஷே பா ஒ கிரிஸ்பி' படத்தில் மொரோ வரும் காட்சிகளை முதலில் பாருங்கள். ழான் கபேன் நடித்த அருமையான குற்றப் படம், முழுதாகப் பார்த்தாலும் நஷ்டமில்லை. மொரோவுக்கு இரவு விடுதி நடனக்காரி வேடம். தடித்த ஒப்பனை, வழக்கமான ஸ்டுடியோ வெளிச்சம். இந்தப் பெண்ணை அந்தக் காலத் தயாரிப்பாளர்கள் 'படத்துக்கேற்ற முகம் இல்லை' என்றுதான் நினைத்தார்கள். முகத்தின் இரு பக்கமும் ஒன்றுபோல் இல்லை, கண்ணுக்குக் கீழே கருவளையம், வாயின் ஓரங்கள் கீழே இறங்கியிருக்கும். அதையெல்லாம் மறைப்பதே ஒப்பனைக்காரரின் வேலையாக இருந்தது.

அப்புறம் லூயி மால் இயக்கி 1958-இல் வெளியான 'எலிவேட்டர் டு தி கேலோஸ்' போடுங்கள். உங்கள் உண்மையான தொடக்கம் இதுதான்.

படம் தொடங்குவதே மொரோவின் முகத்தில்தான். திரை முழுக்க அந்த முகம். தொலைபேசியில் காதலனிடம் கிசுகிசுக்கிறார். கணவனைக் கொல்லத் திட்டம் போட்டாகிவிட்டது. கொலையைச் செய்யும் காதலன் மின்தூக்கியில் மாட்டிக்கொள்கிறான். அவன் தன்னை ஏமாற்றிவிட்டான் என்று நினைத்து, அவள் இரவு முழுக்க பாரிஸ் தெருக்களில் தேடி அலைகிறாள். கதை அவ்வளவுதான். மால் அப்போது 25 வயதைத் தொடும் இளைஞர், இது அவருடைய முதல் கதைப்படம். ஒளிப்பதிவாளர் ஆன்றி தெக்கே கேமராவைக் குழந்தைகளைத் தள்ளிச் செல்லும் வண்டியில் வைத்து ஷாம்ப்ஸ் எலிசே சாலையில் தள்ளிக்கொண்டு போனார். தனி விளக்கு எதுவும் இல்லை, கடைகளின் கண்ணாடி ஜன்னல்களிலிருந்து விழும் வெளிச்சம் மட்டும். முகத்தில் ஒப்பனை கிட்டத்தட்ட இல்லை. படச்சுருளைக் கழுவிய ஆய்வகத்து ஆட்கள், ஒரு நாயகியை இப்படியா காட்டுவது என்று கோபப்பட்டார்களாம்.

இந்த நடைக் காட்சியை இரண்டு தடவை பாருங்கள். முதல் தடவை ஒலியோடு. அமெரிக்க ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் டிரம்பெட் உங்களை இழுத்துக்கொண்டு போகும். 1957 டிசம்பரில் ஓர் இரவில், படத்தின் காட்சிகளைத் திரையில் ஓட்டிக்கொண்டே, அவரும் குழுவும் பெரும்பகுதியை அங்கேயே உருவாக்கி வாசித்த இசை அது. இரண்டாவது தடவை ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டுப் பாருங்கள். அவர் எதையும் 'நடித்துக் காட்டுவதில்லை'. அழுவதில்லை, கையைப் பிசைவதில்லை. நடை மட்டும்தான். ஒரு கடை வெளிச்சத்திலிருந்து அடுத்த கடை வெளிச்சத்துக்குப் போகும் இடைவெளியில் முகம் இருட்டுக்குள் போய் வருகிறது. உதடு லேசாக அசைகிறது, தனக்குத்தானே பேசிக்கொள்வது போல. கார்களுக்கு நடுவே புகுந்து போகும்போதுகூட வேகம் மாறுவதில்லை. இடுப்பும் தோளும் முன்னால் போக, தலை மட்டும் எங்கோ தங்கிவிட்டது போல் இருக்கும். அவிஞ்ஞோன் முற்றத்தில் தூரத்து வரிசைக்கும் எட்டும்படி நடந்த நடை, இங்கே ஒரு முழ தூரத்தில் கேமரா இருக்கும்போது இப்படி அடங்கியிருக்கிறது.

அதே ஆண்டு மாலுடன் செய்த 'தி லவர்ஸ்' வெனிஸ் திரைப்பட விழாவில் சிறப்புப் பரிசு பெற்றது. படுக்கையறைக் காட்சிக்காகப் பெரிய கலாட்டாவும் ஆயிற்று. அமெரிக்காவின் ஓஹையோவில் அதைத் திரையிட்ட அரங்க மேலாளருக்கு அபராதம் விதித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1964-இல் படம் ஆபாசமல்ல என்று தீர்ப்பானது. இன்று பார்த்தால் எதற்கு இவ்வளவு என்று தோன்றும். பின்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: 'பே ஆஃப் ஏஞ்சல்ஸ்', அதன் பிறகே 'ஜூல்ஸ் அண்ட் ஜிம்'

இந்த இடத்தில் என் யோசனை பொதுவான பரிந்துரையிலிருந்து விலகும். எல்லோரும் திரூஃபோவின் 'ஜூல்ஸ் அண்ட் ஜிம்' (1962) படத்தை முதலில் சொல்வார்கள். அது பெரிய படம்தான். ஆனால் அதில் மொரோவின் காதரீன் இரண்டு ஆண்கள் சொல்லும் கதைக்குள் வருகிறாள். அவர்கள் அவளை ஒரு சிலையாக, ஒரு புதிராகப் பார்க்கிறார்கள். மொரோவை அறியாதவர்கள் அந்தப் புதிரையே நடிகை என்று எண்ணிவிடுவார்கள்.

ழாக் தெமியின் 'பே ஆஃப் ஏஞ்சல்ஸ்' (1963) வேறு மாதிரி. சூதாட்டப் பித்துப் பிடித்த ஜாக்கி என்ற பெண். கணவனைப் பிரிந்தவள், குழந்தையும் அவளிடம் இல்லை. வெளுத்த பொன்னிறத் தலைமுடி, வெள்ளை உடை. படத்தின் தொடக்கத்தில் நீஸ் நகரக் கடற்கரைச் சாலையில் அவர் நடந்து வர, கேமரா அவரை விட்டுப் பின்னோக்கி விரைகிறது. மிஷெல் லெக்ராந்தின் பியானோ கூடவே பொங்குகிறது. அதன் பிறகு ரூலெட் மேசையில் அவர் சில்லுகளை வைக்கும் கையைக் கவனியுங்கள். ஜெயிக்கும்போதும் தோற்கும்போதும் முகத்தில் ஒரே பசி. பணத்துக்காக ஆடுகிறவள் இல்லை என்பது வசனம் வருவதற்கு முன்பே நமக்குப் புரிந்துவிடும். மொரோவின் ஆகச் சிறந்த நடிப்பு இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது 'ஜூல்ஸ் அண்ட் ஜிம்' பாருங்கள். தொப்பி போட்டு, மீசை வரைந்துகொண்டு ஆண் வேடத்தில் பாலத்தின் மேல் ஓடும் ஓட்டம், முகபாவங்களை மாற்றிக் காட்டும்போது படம் சட்டென்று உறைந்து நிற்பது, இதெல்லாம் இப்போது வேறு விதமாகத் தெரியும். 'ல தூர்பியோன்' என்ற பாட்டு வரும்போது கொஞ்சம் நிதானியுங்கள். அதை எழுதியவர் செர்ஜ் ரெஸ்வானி, காட்சியில் கிதார் வாசிப்பவரும் அவரே. மொரோவையும் அவருடைய முதல் கணவர் ழான் லூயி ரிஷாரையும் நினைத்துப் பல வருடம் முன்பே நண்பர்களுக்காக எழுதிய பாட்டு அது. பாடும்போது சரணங்களை மொரோ இடம் மாற்றிவிட்டார், அதை விரலால் சின்னதாகச் சைகை காட்டிச் சமாளித்தார். திரூஃபோ அந்த எடுப்பையே படத்தில் வைத்துக்கொண்டார்.

நான்காம் படி: 'லா நோட்டே', ஓர் எச்சரிக்கையுடன்

அன்தோனியோனியின் 'லா நோட்டே' (1961) பெர்லின் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கக் கரடி வாங்கிய படம். மிலான் நகரில் ஒரு நாளும் ஓர் இரவும். மார்செல்லோ மாஸ்த்ரோயான்னி கணவர், மொரோ மனைவி. மூன்று படி கடந்து வந்தவர்களுக்கு இது கடினமாக இருக்காது. 'எலிவேட்டர்' இரவு நடையைப் பார்த்த கண்ணோடு இங்கே அவர் மிலானின் ஓரப் பகுதிகளில் பட்டப்பகலில் நடப்பதைப் பாருங்கள். அங்கே தேடல் இருந்தது, இங்கே தேட எதுவும் மிச்சமில்லை.

எச்சரிக்கை இதுதான்: இந்தப் படத்தில் நீங்கள் கேட்பது மொரோவின் குரல் அல்ல. இத்தாலிய வழக்கப்படி வேறொரு நடிகை பின்னணிக் குரல் கொடுத்திருக்கிறார். மொரோவின் பாதி சக்தி அந்தச் சற்றே கரகரத்த, தாழ்ந்த குரலில் இருக்கிறது. எனவே இதை வைத்து அவர் பேச்சை எடைபோடாதீர்கள். இதே காரணத்துக்காக, எந்தப் படமானாலும் ஆங்கில டப்பிங்கை ஒதுக்கிவிட்டு மூல ஒலியோடு சப்டைட்டில் வைத்துப் பாருங்கள்.

ஐந்தாம் படி: ஒவ்வொரு இயக்குநரிடமும் ஒரு படம்

இங்கிருந்து உங்கள் விருப்பம். மார்கெரித் துராஸின் கதையை பீட்டர் புரூக் எடுத்த 'மொதெராத்தோ கான்தாபிலே' (1960) மொரோவுக்குக் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது வாங்கித் தந்தது. மெலினா மெர்கூரியுடன் பகிர்ந்துகொண்ட விருது. மேடையில் அவரை மேகியாக்கிய அதே புரூக் என்பதை நினைவில் வையுங்கள்.

லூயி புனுவெலின் 'டயரி ஆஃப் எ சேம்பர்மெய்ட்' (1964) அவசியம். மொரோ வேலைக்காரி செலஸ்தீன். அந்த வீட்டுப் பெரியவருக்குப் பெண்களின் காலணி மேல் விபரீத ஆசை. அவருக்காக அவள் பூட்ஸ் போட்டு நடந்து காட்டும் காட்சியில் மொரோ எதையும் மிகைப்படுத்துவதில்லை. அருவருப்பும் வேடிக்கை பார்க்கும் ஆர்வமும் அந்தக் கண்ணில் ஒன்றாக இருக்கும். குதிகால் உயர்ந்த செருப்பில் மொரோவின் கால் லேசாக நடுங்குவதைப் பற்றிப் புனுவெல் தன் நினைவுக் குறிப்பில் தனியாக எழுதியிருக்கிறார்.

ஆர்சன் வெல்ஸுடன் 'தி ட்ரையல்', 'சைம்ஸ் அட் மிட்நைட்', 'தி இம்மார்ட்டல் ஸ்டோரி'. மூன்றில் நடுவில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். ஷேக்ஸ்பியரின் நாடகப் பாத்திரமான டால் டேர்ஷீட்டாகச் சில காட்சிகளே வருவார், ஆங்கிலத்தில். மேடைப் பயிற்சி எங்கே பயன்படும் என்பதற்கு அந்தச் சில நிமிடங்கள் போதும். பிரிஜித் பர்தோவுடன் நடித்த 'விவா மரியா!' (1965) ஜாலியான படம், ஆனால் அவசரமில்லை.

ஆறாம் படி: கேளுங்கள், அவர் இயக்கியதையும் பாருங்கள்

ரெஸ்வானி 'பாசியாக்' என்ற பெயரில் எழுதிய பன்னிரண்டு பாடல்களை 1963-இல் இசைத்தட்டாக வெளியிட்டார் மொரோ. அதில் 'ழே லா மெம்வார் கி ஃப்ளான்ஷ்' பாட்டில் தொடங்குங்கள். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பயிற்சி பெற்ற பாடகியின் குரல் அல்ல அது, நம் எதிரில் உட்கார்ந்து பேசுகிறவரின் குரல்.

இயக்குநராக 'லூமியேர்' (1976), 'லதொலெசான்த்' (1979) என்று இரண்டு கதைப்படங்கள். முதலாவது நான்கு நடிகைகளைப் பற்றியது. நடிகைகளுக்கிடையே இருக்கும் நட்பை ஆண்கள் எழுதிய கதைகளில் அவ்வளவாகப் பார்க்க முடியாது, இங்கே இருக்கிறது. இரண்டாவதில் பாட்டியாக சிமோன் சிஞ்ஞொரே. 1983-இல் மௌனப்பட நாயகி லில்லியன் கிஷ் பற்றி ஆவணப்படமும் எடுத்தார்.

ஏழாம் படி: மேடைக்குத் திரும்பிய மொரோ

வயதான பிறகு சினிமா சிறு வேடங்களாகக் குறைந்துவிட்டது என்று பலர் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். மேடையைக் கணக்கில் சேர்த்தால் அது உண்மையில்லை. 1986-இல் பாரிஸின் பூஃப் து நோர் அரங்கில், ஹெர்மன் ப்ரோக் எழுதியதை வைத்து க்ளவுஸ் மிஷாயேல் க்ரூபர் இயக்கிய 'வேலைக்காரி செர்லீனின் கதை'யில் நடித்தார். கிட்டத்தட்ட முழுதும் ஒரே ஆள் பேசும் நாடகம். அதற்காக 1988-இல் பிரான்ஸின் உயர்ந்த நாடக விருதான மோலியேர் கிடைத்தது. அடுத்த வருடம் அவிஞ்ஞோனில் அந்த்வான் வித்தேஸ் இயக்கிய 'லா செலஸ்தீன்'. 2007-இல் அதே போப் அரண்மனை முற்றத்தில் சாமி ஃப்ரேயுடன் ஹைனர் முல்லரின் 'குவார்டெட்' வாசிப்பு. முதல் விழாவுக்குச் சரியாக அறுபது வருடம் கழித்து, 79 வயதில்.

சினிமாவில் இந்தக் காலத்துக்கு 'லா வியெய் கி மார்ஷெ தான் லா மேர்' (1991) பாருங்கள், பிரெஞ்சு சினிமாவின் சேசார் விருது இதற்குத்தான். 'நிகிதா' (1990) படத்தில் நாயகிக்கு ஒப்பனை கற்றுத்தரும் மூத்த பெண்மணியாக வந்ததை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கலாம். 2000-இல் பிரெஞ்சு நுண்கலை அகாதெமிக்குத் தேர்வான முதல் பெண்ணும் இவரே. 2012-இல், நூறு வயதைத் தாண்டிய மனோயல் த ஒலிவைராவின் 'கேபோ அண்ட் தி ஷேடோ' படத்தில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசுகிறார்கள். நாடகத்திலிருந்து எடுத்த படம். பக்கத்து வீட்டுப் பெண்ணாக வந்துபோகும் மொரோவைத் தவறவிடாதீர்கள்.

எங்கே கிடைக்கும்?

மூபி என்ற இணையத் திரைப்படத் தளத்தில் இவற்றில் சில அவ்வப்போது வந்து போகும். பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதால் வந்தவுடன் பார்த்துவிடுங்கள். பழைய நல்ல படங்களை வெளியிடும் க்ரைட்டீரியன் நிறுவனத்தின் வட்டுகள் விலை அதிகம், ஆனால் கூடவே வரும் பேட்டிகளுக்காகவே வாங்கலாம். சென்னையிலோ புதுச்சேரியிலோ இருப்பவர்கள் பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸின் நூலகத்தில் விசாரியுங்கள். பிரான்ஸின் ஒலி-ஒளி ஆவணக் காப்பகமான இனா, பழைய தொலைக்காட்சிப் பேட்டிகள் பலவற்றை இணையத்தில் வைத்திருக்கிறது. கேள்விக்குப் பதில் சொல்லும் முன் மொரோ எடுத்துக்கொள்ளும் இடைவெளிக்காகவே பார்க்கலாம். தமிழ் சப்டைட்டில் கிடைப்பது அரிது, ஆங்கிலத்தை வைத்து ஓட்ட வேண்டியதுதான். பல படங்கள் பெரியவர்களுக்கானவை, குழந்தைகளோடு உட்கார வேண்டாம்.

ஒரு சனி, ஞாயிறு மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் சனி இரவு 'எலிவேட்டர் டு தி கேலோஸ்', ஞாயிறு பகலில் 'பே ஆஃப் ஏஞ்சல்ஸ்'. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்தான். நடுவில் வேறு படம் எதையும் போடாதீர்கள். ஒன்று இரவு, ஒன்று வெயில், இரண்டிலும் அதே நடை. அந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மீதியை எந்த வரிசையில் பார்த்தாலும் சரிதான்.